முதல் மாத்திரை

ஜெபசிங்கின் இடது காலில் புழு நுழைந்ததற்கு அரசாங்கம் எந்த விதத்திலும் பொறுப்பல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு மட்டும் அது முழுப் பொறுப்பையும் பெருமையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பித்தளைத் தகடே வைத்திருக்கிறார்கள்.

திருவிடந்தையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சொகுசு விடுதி. அந்த விடுதியின் மணலுக்கு ஜெபசிங் பொறுப்பு. விடிந்ததும் மணலை வாரிச் சமப்படுத்தி, சாய்வு நாற்காலிகளைப் போட்டு, வாலிபால் வலையைக் கட்ட வேண்டும். வேலை நேரத்தில் செருப்பு கூடாது. விருந்தினர்கள் வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் வேலைக்காரனும் வெறுங்காலோடு நடந்தால்தான் இயற்கையோடு இயைந்த உணர்வு வருமாம். விடுதியை ஒட்டிச் சவுக்குத்தோப்பு. தோப்பில் நரியும் மரநாயும் உண்டு. பகலில் பணம் கட்டியவர்கள் புரளும் மணலில் ராத்திரியில் பணம் கட்டாத இந்த ஜீவன்கள் வந்து புரண்டு, வயிற்றையும் காலி செய்துவிட்டுப் போகும். அந்தக் கழிவிலிருந்த முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத புழுவாகி, ஈர மணலில் காத்துக் கிடந்து, ஜெபசிங்கின் பாதம் பட்டதும் இதுவும் நரிதான் என்று தப்புக்கணக்குப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டது.

நுழைந்த பிறகுதான் அதற்கு விஷயம் தெரிந்திருக்கும். மனிதத் தோலுக்கு அடியில் ஆழமாகப் போகும் வழி அந்தப் புழுவுக்குத் தெரியாது. மேலாகவே வளைந்து வளைந்து ஊர்ந்துகொண்டிருக்கும். உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. அரசு அலுவலகத்துக்குப் போன பொதுஜனத்தின் கதிதான்.

முதலில் அதைப் பார்த்தவள் அவன் மனைவி ரூத்.

"இன்னாயா இது, கால்ல செவப்பா கோடு போட்டாப்ல கீது?"

"கொசு கடிச்சிருக்கும்."

"கொசு இன்னா ரோடு போட்டுகினா போவும்? நேத்து கட்டவெரலாண்ட இருந்துச்சு. இன்னிக்கு இங்க வந்துகீது பாரு."

பார்த்தால் உண்மைதான். பாம்பு போன தடம்போல ஒரு கோடு, தினமும் கொஞ்சம் நீண்டுகொண்டிருந்தது. படுத்தால் அரிப்பு உயிரை வாங்கியது. சொறிந்தால் எரிச்சல், சொறியாவிட்டால் பைத்தியம். விடுதி மேலாளர் ஆதித்யா அந்தக் காலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"பிரதர், கெஸ்ட் யாராவது இதைப் பார்த்தா நெட்டுல ரிவியூ எழுதிடுவாங்க. புழு இல்லைன்னு கவர்மென்ட் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. உங்க இடத்தைப் பொங்கல் வரைக்கும் வச்சிருக்கேன். பொங்கலுக்கு ஃபுல் புக்கிங். அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ரூத் கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலைக்குப் போகிறவள். இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றால் குடும்பம் ஒற்றைக்காலில் நொண்ட வேண்டியதுதான். எனவே ஜெபசிங் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினான்.

டாக்டர் நல்ல மனிதர். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "இது ஒண்ணுமில்லை. ஒரே ஒரு மாத்திரை. ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும்" என்று மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "எங்க பிடிச்சுது?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். ஜெபசிங் கேட்டதற்கு மேலேயே உண்மை பேசுகிறவன். தோப்பையும் நரியையும் மணலையும் விவரமாகச் சொன்னான். பக்கத்திலிருந்த நர்ஸ் இருமினார்.

"சார், அந்த சர்க்குலர்..."

டாக்டரின் முகம் சுருங்கியது. அவன் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை இரண்டு விரலால் மெல்ல எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"காட்டு விலங்குல இருந்து வந்த புழுவை நாங்க தொடக்கூடாதுப்பா. அதுக்குன்னே செங்கல்பட்டுல ஒரு மையம் இருக்கு. சர்ட்டிபிகேட்டும் அவங்கதான் குடுக்கணும்."

"நாய்கிட்டருந்து வந்துச்சுன்னு எழுதிக்க சார்."

"முதல்லயே அப்படிச் சொல்லியிருக்கணும். நரின்னு இந்தம்மா காதுல விழுந்துடுச்சே."

வனவிலங்குவழி மனிதப் புழுத்தொற்று தடுப்பு, கண்காணிப்பு மற்றும் ஒருங்கிணைப்பு மையம் என்பது அதன் முழுப்பெயர். செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்த ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டிடத்தைவிட நீளம் என்பதால் 'மையம்' என்ற சொல் மட்டும் திரும்பிப் பக்கவாட்டுச் சுவருக்குப் போயிருந்தது. மையம் ஆரம்பித்ததிலிருந்து ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்தது. கருத்தரங்கு நடத்தினார்கள். ஆண்டறிக்கை போட்டார்கள். சின்னம் வடிவமைத்தார்கள், பிறகு அது சரியில்லை என்று வேறு சின்னம் வடிவமைத்தார்கள். நோயாளி மட்டும்தான் வரவில்லை.

ஜெபசிங் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டியதும் கண்காணிப்பாளர் திருவேங்கடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார்! வந்துட்டார் சார்!"

உள் அறையிலிருந்து பதறிய குரல் வந்தது. "யாரு, ஆடிட்டரா?"

"இல்ல சார், நோயாளி!"

இயக்குநர் கோதண்டராமன் வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து காலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அலுவலக பீரோவில் எப்போதும் நாலைந்து பொன்னாடை இருக்கும். அதில் ஒன்றை எடுத்து ஜெபசிங்குக்குப் போர்த்தினார்.

"இந்த மையம் ஆரம்பிச்சப்ப எத்தனை பேர் கேலி பண்ணாங்க தெரியுமா? நோயாளியே இல்லாம எதுக்குய்யா மையம்னாங்க. நான் அன்னிக்கே சொன்னேன், முதல்ல மையம் வரட்டும், நோயாளி தன்னால வருவான்னு. வந்தானா இல்லையா?"

எல்லாரும் கைதட்டினார்கள். காலைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். காபி வந்தது, மிக்சர் வந்தது. பிறந்ததிலிருந்து எந்த அரசு அலுவலகத்திலும் உட்காருங்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டறியாத ஜெபசிங்குக்குப் பயமாகிவிட்டது. காபியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

"மாத்திர குட்த்தீங்கன்னா போட்டுகினு போய்டுவேன் சார். அப்படியே சர்ட்டிபிகேட்டும்..."

"குடுத்துடலாம் சார்" என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல். அது டாக்டர் கீர்த்தனா. அந்த மையத்தில் மருத்துவம் படித்த ஒரே ஆள் அவர்தான். அதனால் அவரைக் குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். "ஸ்டாக்ல இருக்கு. ஒரே டோஸ்தான்."

கோதண்டராமன் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டாக்டர், இது திட்டத்தோட முதல் மாத்திரை. அதை நீங்களும் நானுமா குடுக்கறது? திறப்பு விழா நடக்காத பாலத்துல லாரி விடுவீங்களா? முதல் மாத்திரை சிறப்பு விருந்தினர் கையாலதான் போகணும்."

"சார், அவருக்கு அரிக்குது."

"அரிப்பு தனிமனிதப் பிரச்சினை டாக்டர். தொடக்க விழா சமுதாயப் பிரச்சினை."

ஜெபசிங்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருவேங்கடம் அவனைத் தனியாக அழைத்துப்போய் விளக்கினார். புழு இல்லை என்று சான்று தர வேண்டுமானால் புழு இருந்தது பதிவாக வேண்டும். பதிவாக வேண்டுமானால் திட்டம் தொடங்க வேண்டும். தொடங்க வேண்டுமானால் தலைமைச் செயலகத்திலிருந்து பெரியவர் வர வேண்டும். அவர் சீக்கிரம் வந்துவிடுவார். அதுவரை வெளியில் எந்த மாத்திரையும் சாப்பிடக்கூடாது, களிம்பு தடவக்கூடாது, அழுத்திச் சொறியக்கூடாது.

"புழுவுக்கு ஏதாவது ஆச்சுன்னா சர்ட்டிபிகேட் கிடைக்காது, பார்த்துக்க. இனிமே அதை அரசாங்கச் சொத்து மாதிரி நினைச்சுக்க."

வீட்டில் ரூத் தலையில் அடித்துக்கொண்டாள். "மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போட்டுகினு தூங்குயா. பேஜாரு புடிச்சவனுங்க."

"போட்டுக்கலாம். சர்ட்டிபிகேட்டு எவன் குடுப்பான்? அது இல்லாம ஆதித்யா சார் கேட்டாண்டயே வுட மாட்டாரு."

அன்றிலிருந்து ராத்திரிகளில் அவன் எழுந்து உட்கார்ந்து காலை ஊதிக்கொண்டிருப்பான். அவளும் தூங்காமல் ஈரத்துணியை நனைத்து நனைத்து அந்தக் கோட்டின்மேல் போடுவாள்.

பெரியவர் முதலில் கொடுத்த தேதியில் வெளிநாடு போய்விட்டார். புழு ஒழிப்பில் உலக நாடுகளின் அனுபவத்தைப் பார்த்து வரத்தான் போனார் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த தேதி அஷ்டமியில் விழுந்தது. அதற்கடுத்த தேதியில் மழை. ஒவ்வொரு தேதிக்கும் பேனர் அடித்தார்கள். பேனரில் ஜெபசிங்கின் கால் ஆளுயரத்துக்கு இருந்தது, பெரியவரின் முகம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஜெபசிங்கின் முகத்துக்கு இடம் போதவில்லை.

ஒவ்வொரு தேதிக்கும் ஒத்திகையும் உண்டு. திருவேங்கடம் பெரியவராக நடிப்பார். வெள்ளித்தட்டில் புளிப்பு மிட்டாய் வரும். ஜெபசிங் இடது காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்து, கேமரா பக்கம் பார்த்து, பற்கள் தெரியாமல் வாயைத் திறந்து, கண்களில் நன்றியைக் காட்ட வேண்டும். முதல் மூன்றும் அவனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. நன்றி மட்டும் வரவில்லை. "அரிக்குது சார்" என்றால், "அதே முகம்தான், அதைக் கொஞ்சம் நன்றியா மாத்திக்கப்பா" என்பார் திருவேங்கடம்.

இதற்கிடையில் புழு கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு ஏறியது. மையத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். புழு முழங்காலுக்கு மேலே போய்விட்டால் மேடையில் எப்படிக் காட்டுவது? பெரியவரின் வீட்டம்மாவும் வருகிறார்களே! திருவேங்கடம் மார்க்கர் பேனாவால் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, "இதுக்கு மேல போகாம பார்த்துக்க" என்றார்.

"எப்டி சார் பார்த்துக்கறது? அது இன்னா நான் வளக்கற கோயியா, கூடயக் கவுத்துப் போட்டு மூடி வெக்க?"

புழு தானாகவே ஒரு வளைவு வளைந்து கீழே இறங்கியது. மையத்தின் தீவிர நடவடிக்கைகளால் புழுவின் முன்னேற்றம் தடுத்து நிறுத்தப்பட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

பெரியவரின் தேதிக்குக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்கக்கூடாது என்று மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விழிப்புணர்வுப் பேரணி நடத்தினார்கள். சுய உதவிக் குழுப் பெண்களை வேனில் கூட்டிவந்து, பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். ஜெபசிங் முன்னால் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். புறப்படும்போது கோதண்டராமன் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

கீர்த்தனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், செருப்பு போட்டுக்கிட்டு மணல்ல நடங்கன்னு சொல்றதுதானே விழிப்புணர்வே!"

"கலர் கலரா செருப்பு தெரிஞ்சா ட்ரோன் ஷாட் அசிங்கமா இருக்கும் டாக்டர். வெறுங்காலோட நடந்தா ஒரு புனிதம் இருக்கு."

இயக்குநர் ஷூவோடு கம்பளத்தின்மேல் நின்று கொடியசைத்தார். பெண்கள் வெறுங்காலோடு, நாய்களும் நரிகளும் ராத்திரியில் சுற்றுகிற மணலில், புழுவை ஒழிப்போம் என்று கோஷமிட்டபடி நடந்து போனார்கள்.

ஒருநாள் காலை ஜெபசிங் கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறான். காலைப் பார்த்தான். கோடு வெளுத்துப்போய் இருந்தது. இரண்டு மூன்று நாளில் தோல் உதிர்ந்து, கோடு இருந்த இடமே தெரியவில்லை. ரூத் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "ஏசப்பா, அந்த ஆபீஸ்காரனுங்களுக்கு இல்லாத இரக்கம் உனக்கு இருந்துச்சே" என்று அழுதாள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. அவன் செங்கல்பட்டுக்குப் பறந்தான்.

"புயு செத்துப்பூட்ச்சு சார்! சர்ட்டிபிகேட்டு குடுங்க!"

சாவு வீட்டுச் சேதி சொன்னதுபோல மையம் உறைந்துவிட்டது. கோதண்டராமன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்படிச் செத்துச்சு?"

"தானா சார்."

"யாரைக் கேட்டு?"

கீர்த்தனா எழுந்தார். "மனுஷ உடம்பு அதுக்குச் சரிப்படாது சார். சில வாரத்துல, இல்லன்னா சில மாசத்துல தானாவே செத்துடும். இதைக் குறிப்பா எழுதி மூணு தடவை உங்க மேசைக்கு அனுப்பிச்சேன்."

"அதையெல்லாம் படிச்சுக்கிட்டிருந்தா விழா வேலையை யார் பார்க்கறது? நாளை மறுநாள் பெரியவர் வர்றார். இந்தத் தடவை நிச்சயம்!"

வழி கண்டுபிடித்தவர் திருவேங்கடம். மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு மெஹந்தி போடுகிற ஒரு பெண்ணை விழாவுக்கு முந்தின நாளே வரவழைத்தார். பேனரிலிருந்த படத்தைப் பார்த்து அவள் ஜெபசிங்கின் காலில் அதே கோட்டை மருதாணிக் கூம்பால் வரைந்தாள். நல்ல கைவேலை. முடிக்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் ஒரு மாங்காய் போட்டுவிட்டாள். அதை மட்டும் உடனே துடைக்கச் சொன்னார்கள். மருதாணி காய்ந்து உதிர்ந்ததும் கோதண்டராமன் தள்ளி நின்று பார்த்து, "ஒரிஜினலைவிடத் தெளிவா இருக்குய்யா" என்று பாராட்டினார்.

"சார், இது பொய்யாச்சே" என்றான் ஜெபசிங்.

"பொய்யா? உனக்குப் புழு இருந்தது உண்மையா இல்லையா? அந்த உண்மையைத்தான் வரைஞ்சிருக்கோம். பெரியவர் கையால மாத்திரை வாங்கு. மறுநாளே உன் கையில சர்ட்டிபிகேட்."

பொங்கல் நெருங்கிவிட்டது. ஜெபசிங் ஒப்புக்கொண்டான்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குத்துவிளக்கு ஏற்றினார்கள், ஒருவர் மாற்றி ஒருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். வரவேற்புரை சொன்னவர் வரவேற்ற ஆட்கள் எல்லாரும் வந்து சேரும்வரை பேசினார். பெரியவர் உண்மையிலேயே நன்றாகப் பேசக்கூடியவர்.

"ஒரு காலம் இருந்தது. ஏழைக்குப் புழு வந்தால் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போவான். ஒரு மாத்திரையைக் கொடுப்பார்கள். விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அவனைப் பற்றி யாராவது கவலைப்பட்டார்களா? அவனுக்கு ஒரு மேடை உண்டா? ஒரு மாலை உண்டா? அந்த அவல நிலையை இன்று நாம் மாற்றியிருக்கிறோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு வெள்ளித்தட்டு வந்தது. பெரியவர் மாத்திரையை உறையோடு எடுத்து ஜெபசிங்கின் கையில் கொடுத்தார். டிவிக்காரர்கள் இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவை கொடுத்தார். செய்தித்தாள்காரர்களுக்கு ஒரு தடவை, பெரியவர் வீட்டம்மாவின் செல்போனுக்கு ஒரு தடவை. ஜெபசிங் உறையைப் பிரிக்கப் போனபோது திருவேங்கடம் பாய்ந்து வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"முதல் மாத்திரைய்யா இது! இதைப் போய் விழுங்கப் பார்க்கறியே!"

அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது. வெல்வெட் துணி விரித்து, மாத்திரையை நடுவில் வைத்து மூடினார்கள். பெட்டிக்குக் கீழே பித்தளைத் தகட்டில் பெரியவரின் பெயர், பதவி, விழா நாள் எல்லாம் செதுக்கியிருந்தது.

மறுநாள் ஜெபசிங் சர்ட்டிபிகேட்டுக்குப் போனான். மருதாணி போட்டவர்களுக்குத் தெரியும், நாளாக நாளாகத்தான் நன்றாகச் சிவக்கும். கோதண்டராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முறைப்படி காலைப் பரிசோதித்தார்.

"கோடு இருக்கேப்பா."

"சார்! இது மருதாணி சார்! நீங்கதான..."

"மெதுவா பேசு. மருதாணின்னு நான் எழுதினா பெரியவர் மருதாணிக்கா மாத்திரை குடுத்தார்? பதிவுப்படி அது புழு. புழு தெரியற காலுக்குப் புழு இல்லைன்னு கையெழுத்துப் போட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கலை. கோடு மறையட்டும், அடுத்த நிமிஷம் கையெழுத்து."

ரூத் எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள். மண்ணெண்ணெய், சோப்புத்தூள், கடைசியில் செங்கல். தோல் கழன்று ரத்தம் கசிந்தது. மருதாணிக்காரப் பெண்ணின் கைவேலை அசையவில்லை. பொங்கலும் போயிற்று. ஜெபசிங் விடுதி வாசலில் போய் நின்றபோது ஆதித்யா செல்போனில் செய்தித்தாள் படத்தைக் காட்டினான்.

"பிரதர், ஊர் முழுக்க ஃபேமஸ் ஆயிட்டீங்க. இனிமே கெஸ்ட் கடலை எங்க பார்ப்பாங்க, உங்க காலைத்தான் பார்ப்பாங்க. ஸாரி. வேற ஆள் போட்டுட்டேன்."

அன்றைக்கு ஜெபசிங் மையத்தின் மாடிப்படியை நிதானமாக ஏறவில்லை. திருவேங்கடம் தடுத்தும் நிற்காமல் நேராக இயக்குநர் அறைக்குள் போனான்.

"ஒரு மாத்திர கேட்டேன் சார்! நரிகிட்டருந்து வந்த புயு கூட நாலு வாரத்துல என்ன வுட்டுப் போச்சு, நீங்க வுட மாட்டேன்றீங்களே! என் வேலய துண்ணுட்டீங்க. எம் பொண்டாட்டி தூக்கத்த துண்ணுட்டீங்க. இன்னும் இன்னா சார் வோணும் உங்களுக்கு?"

கோதண்டராமன் கோபப்படவில்லை. நெஞ்சில் ஈரமுள்ள மனிதர். கொஞ்ச நேரம் யோசித்தார். திட்டத்தின் வெற்றியைக் கேள்விப்பட்டு மற்ற மாவட்டங்களிலிருந்து குழுக்கள் பார்வையிட வரப்போகின்றன. வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு கால் வேண்டும். அன்று சாயங்காலமே உத்தரவு தயாராயிற்று. நிரந்தர மாதிரிப் பயனாளி என்பது பதவியின் பெயர். கழுத்தில் மாட்டிக்கொள்ள அடையாள அட்டை, உட்கார நாற்காலி, கால் வைக்க ஸ்டூல். கோடு வெளுக்க வெளுக்க மருதாணி மட்டும் அலுவலகச் செலவில் புதுப்பிக்கப்படும். எழுதி எழுதிக் குறிப்பு அனுப்பிய குற்றத்துக்காகக் கீர்த்தனாவை எங்கோ மாற்றிவிட்டிருந்ததால், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.

ரூத் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"புயு இருந்தப்ப வேல போச்சு. புயு இல்லாதப்ப புயுவுக்காக வேல குடுக்கறானுங்க. போ, போய் உக்காரு. சம்பளம் வந்தா சரி."

சம்பளம் ஒழுங்காக வந்தது. வருகிற குழுக்கள் காலைப் பார்த்தன, படம் எடுத்தன, சாப்பிட்டுவிட்டுப் போயின. மீதி மாத்திரைகளை இரண்டாம் கட்டத் தொடக்க விழாவுக்காக அறையில் பூட்டி சீல் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி மட்டும் ஜெபசிங்கின் நாற்காலிக்கு எதிரே பளபளத்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாடிப்படியை ஒரு பெண் நொண்டிக்கொண்டே ஏறி வந்தாள். மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கிற பொன்னி. கையில் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டு. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அண்ணாத்த, பெரிய டாக்டர் கீறாரா? கால்ல ஒண்ணு ஊந்துகினே கீது. ராத்திரில கண்ண மூட முடியல. அன்னிக்குப் பேரணின்னு கூப்ட்டு செருப்பக் கயட்டச் சொன்னாங்களே, அதுக்கப்பறந்தான் இது. மணல்ல நரி சுத்தும்னு ஆஸ்பத்திரில சொன்னதுக்கு இங்க அனுப்பிட்டாங்க."

புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். ஜெபசிங் அந்தக் கோட்டைப் பார்த்தான். அசல் கோடு. சொறிந்த இடமெல்லாம் புண். பார்த்ததுமே அவன் கால் அரித்தது.

இயக்குநர் வந்து இதைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று அவனுக்கு மனப்பாடம். பீரோவிலிருந்து பொன்னாடை வரும். காபி வரும், மிக்சர் வரும். தேதி வரும், தேதி தள்ளிப்போகும். இவள் ஸ்டூலில் கால் வைத்து நன்றியை வரவழைக்கப் பழக வேண்டும். அசல் புழு கையில் இருக்கும்போது மருதாணிக்கு எதற்குச் செலவு என்று யாராவது கேட்பார்கள். அவன் நாற்காலி போய்விடும். அவளுக்கு ஏற்பட இருந்த கஷ்டம் முதலில் நினைவுக்கு வந்ததா, தன் நாற்காலியா என்று அவனுக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் சொல்லப்போவதில்லை.

எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். மாத்திரையை உறையிலிருந்து பிரித்து அவள் கையில் வைத்தான். கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தான்.

"போட்டுக்க. இப்பவே. என் எதுர்லயே."

அவள் விழுங்கினாள். "சீட்டு எங்க குடுக்கணும்?"

"எங்கயும் குடுக்காத. கியிச்சிப் போட்ரு. ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும். நிக்கலன்னா எங்கனா நாய்கிட்டருந்து வந்துச்சுன்னு சொல்லி மாத்திர வாங்கிக்க, நரின்னு மட்டும் வாயத் தொறக்காத. பின்னாண்ட ஒரு படி கீது, அது வயியா போ."

பொன்னிக்கு நம்ப முடியவில்லை. பெயர் கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவில்லை. அவன் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருப்ப சார். வந்த ஒடனே மாத்திர குடுக்கற ஆபீஸ நான் இப்பத்தான் பாக்கறேன். எங்க குரூப்புல இன்னும் நாலு பேருக்கு இப்டித்தான் கீது. அல்லாரையும் இங்கயே வரச் சொல்றேன்."

"ஐயோ, வேணாம் தாயி! நாய்னு சொல்லி வேற எங்கனா போவச் சொல்லு!"

அவள் போன பிறகு ஜெபசிங் பெட்டியை மூடி, தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு வந்து ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். பெட்டியில் மாத்திரை இல்லாததை இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை. வருகிறவர்கள் தகட்டைத்தான் படிக்கிறார்கள்.

சாப்பாடு முடித்துத் திருவேங்கடம் பல் குத்திக்கொண்டே வந்தார்.

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல சார்."

"பார்த்தியா? நாம வேலை செய்யற வேகத்துல மாவட்டத்துல ஒரு புழு மிச்சமில்லை" என்றார் திருவேங்கடம். பிறகு மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.